பறித்த இலை செல்லாது

அக்காவின் உறை நேற்று வந்தது. உள்ளே கடிதம் கிடையாது. வழக்கம்போல ஒரே ஒரு இலை, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே. இந்த வருடம் மேப்பிள். உள்ளங்கை அகலம், நல்ல அடர்சிவப்பு. வலது ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு திட்டு. பூச்சி அரித்த இடமோ என்று முதலில் நினைத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் அந்தத் திட்டுக்கு ஒரு வடிவம் இருப்பது தெரிந்தது. கூரான இரண்டு முனை, நடுவில் ஒரு வளைவு. இன்னொரு மேப்பிள் இலையின் பாதி உருவம் அது. மரத்தில் இருந்தபோது இதன்மேல் வேறொரு இலை படிந்து கிடந்திருக்கிறது. அதன் நிழல் விழுந்த இடம் மட்டும் சிவக்காமல் மஞ்சளாகவே நின்றுவிட்டது.

இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க அவள் எத்தனை நாள் தலையைக் குனிந்தபடி நடந்திருப்பாள்!

நாங்கள் இப்படி இலை அனுப்பிக்கொள்ள ஆரம்பித்து 25 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்கா படிக்க வெளியூர் போன வருடம் தொடங்கியது. ஆனால் விளையாட்டு அதற்கும் பழையது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பாதையில் இரண்டு பக்கமும் மரங்கள். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள், அதனால் விதிகளை அவள்தான் போடுவாள். ஒரு நாளைக்கு ஒரு இலைதான் வீட்டுக்குக் கொண்டுவரலாம். மரத்திலிருந்து பறித்தது செல்லாது. தரையில் கிடந்து எடுத்தால் ஒரு மதிப்பெண். விழும்போது காற்றிலேயே பிடித்துவிட்டால் பத்து.

பத்து வாங்குவது லேசில்லை. இலை நேராக விழுவதே கிடையாது. இந்தப் பக்கம் சாய்ந்து, கொஞ்சம் மேலே எழும்பி, அந்தப் பக்கம் வழுக்கி, கையை நீட்டும் கணத்தில் விரலுக்கு நடுவே நழுவிப் போய்விடும். ஓடிப் பிடிக்கப் போனால், நாம் கிளப்பும் காற்றே அதைத் தள்ளிவிடும். அக்கா அசையாமல் நின்று, இரண்டு கையையும் ஏந்தி, இலை தானாக வரும்வரை காத்திருப்பாள். நான் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவேன். அந்த வருடங்களில் நான் பிடித்தவற்றை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஒவ்வொன்றும் எந்த மரத்தடியில் பிடித்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அப்போதெல்லாம் இலை ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அது மாறும், அவ்வளவுதான். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது அழகு குறைந்துவிடுமோ என்று ஒரு பயம் இருந்தது. குறையவில்லை, கூடித்தான் போனது.

இலையின் பச்சைக்குக் காரணமான பச்சையம் வெயிலில் சிதைந்துகொண்டே இருக்கும். கோடை முழுக்க மரம் புதிதாக உண்டாக்கி அதை ஈடுகட்டும். பகல் குறுகத் தொடங்கியதும் அந்த வேலை மெல்ல நிற்கிறது. பச்சை மங்க மங்க, முதல் நாளிலிருந்தே இலைக்குள் இருந்த மஞ்சள் வெளியே தெரிய வருகிறது. கரோட்டினாய்டு என்ற நிறமி அது. வசந்தத்திலும் கோடையிலும் நம் கண்முன் அங்கேயேதான் இருந்தது, பச்சைதான் மறைத்து வைத்திருந்தது.

சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்னும் அந்த நிறமியைப் பெரும்பாலான மரங்கள் உதிரப் போகும் நேரத்தில்தான் புதிதாகச் செய்கின்றன, இலையில் தேங்கிய சர்க்கரையை வைத்து. அதற்கு வெளிச்சம் வேண்டும். பளிச்சென்று வெயிலடிக்கும் பகலும், உறைபனி விழாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் மாறி மாறி வருகிற வருடம் சிவப்பு கொழுந்துவிட்டு எரியும். மேகம் மூடியே கிடக்கும் வருடம் மஞ்சளோடு நின்றுவிடும். அக்கா அனுப்பிய இலையில் நிழல் அச்சாகப் பதிந்ததும் இப்படித்தான். இன்னும் சில நாளில் கீழே விழப் போகிற இலைக்கு மரம் எதற்காக இவ்வளவு செலவு செய்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒரே முடிவுக்கு வரவில்லை. இலையில் மிச்சமிருக்கும் சத்தை மரம் உள்ளே இழுத்து முடிக்கும்வரை அதிக வெயில் இலையைக் கெடுத்துவிடாமல் காக்கும் குடை அது என்பது ஒரு விளக்கம். எனக்குப் பிடித்த விளக்கமும் அதுதான். உதிர்ப்பதற்கு முன்னால் இலையில் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியை மரம் திரும்ப எடுத்துக் கிளையிலும் தண்டிலும் வேரிலும் சேமித்துக்கொள்கிறது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் வேண்டியதை எல்லாம் எடுத்துவைத்துவிட்டு, கடைசியில் கதவைச் சாத்துவது மாதிரி.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. தண்ணீர் இல்லாமல் தொங்கினால் வாடிய இலை என்கிறோம். ஈரம் முழுக்கப் போனால் காய்ந்த இலை. காலம் வந்து, நிறம் மாறி, தானாகக் கழன்று விழத் தயாரானால்? பழுத்த இலை. பழத்துக்கு என்ன சொல்கிறோமோ அதே சொல். இலையும் பழுக்கும் என்று பார்த்த கண்கள் எவ்வளவு கூர்மையானவை! கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, அதற்கப்புறம்தான் சருகு.

அப்பாவிடம் இந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. ஆனால் அதன் பொருளை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அந்தக் கோடையில் வீசிய புயலில் பாதை முனையில் இருந்த ஒரு பெரிய மரத்தின் கிளை முறிந்துவிட்டது. முழுதாக விழவில்லை. கொஞ்சம் பட்டை பிடித்துக்கொண்டு தொங்கியது. யாரும் வெட்டவும் இல்லை. நவம்பர் வந்தது. மரத்தில் ஒரு இலை இல்லை. முறிந்த கிளையில் மட்டும் கொத்துக்கொத்தாகக் காய்ந்த இலைகள், காற்றில் சலசலத்துக்கொண்டு. எனக்கு ஒரே ஆச்சரியம். மற்ற கிளைகளைவிட இதுதான் பலமான கிளை என்று முடிவு கட்டிவிட்டேன்.

“அப்பா, இது மட்டும் எவ்வளவு கெட்டியா பிடிச்சிருக்கு பாருங்க.”

அப்பா அண்ணாந்து பார்த்தார். “செத்த கிளைடா அது. உதிர்க்கிறதுக்கு உயிர் வேணும்.”

அப்புறம் தொங்கிய கிளையை எட்டிப் பிடித்து வளைத்து, ஒரு இலையை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். இலை கிழிந்து கையோடு வந்தது, காம்பு கிளையிலேயே நின்றது. பக்கத்து மரத்தில் கடைசியாக இரண்டு மூன்று இலை மிச்சம் இருந்தது. அதில் ஒன்றைத் தொடச் சொன்னார். விரல் பட்டதும் காம்போடு கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அது இருந்த இடத்தை அப்பா காட்டினார். வழவழப்பாக, காயம் ஆறிய தழும்பு போல ஒரு சின்ன அடையாளம். அதற்கு நேர் மேலே, அரிசி அளவில், இறுக்கி மூடிய ஒரு மொட்டு.

பச்சை இலையை மரத்திலிருந்து இழுத்துப் பார்த்தால் தெரியும், அவ்வளவு எளிதில் வராது. பழுக்கும் நேரத்தில் காம்பின் அடியில் மெல்லிய செல்களால் ஆன ஒரு விலகல் அடுக்கை மரம் தயார் செய்கிறது. அந்த இடத்தில் செல்களுக்கு இடையில் உள்ள பசை கரைந்து, இலை தன் கனத்திலேயே விலகிவிடும். மரத்தின் பக்கம் தக்கை போன்ற ஒரு பூச்சு மூடிக்கொள்ளும், கிருமியும் ஈரமும் உள்ளே போகாதபடி. கோடையில் முறிந்த கிளைக்கு இந்த வேலையைச் செய்ய நேரமே கிடைக்கவில்லை. அதனால் அதன் இலைகள் அங்கேயே காய்ந்து ஒட்டிக்கொண்டன. பீச், ஓக் போன்ற மரங்களில் சில, குறிப்பாக இளம் மரங்கள், நல்ல உயிரோடு இருக்கும்போதே சருகை வசந்தம் வரை தாங்கிக்கொண்டு நிற்கும், அது தனிக்கதை. அந்த அரிசி மொட்டு? அடுத்த வசந்தத்தின் தளிர் அதற்குள் இருக்கிறது. இலை விழுவதற்கு வெகு முன்னால், கோடையிலேயே அது உருவாகிவிடும்.

அதனால்தான் இலையுதிர் காலத்தைச் சோகத்தோடு சேர்த்துப் பேசும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. வருடத்திலேயே மரம் மிகக் கவனமாக வேலை செய்யும் வாரங்கள் இவை.

சனிக்கிழமை என்றால் சருகு வாரும் நாள். நீளப் பல் வைத்த வாரியை அப்பா இழுக்க, நாங்கள் இரண்டு பேரும் கைகொள்ளாமல் அள்ளிக் குவிப்போம். இடுப்புயரத்துக்குக் குவியல் வந்ததும் அப்பா ஒருமுறை கையை உள்ளே விட்டுத் துழாவுவார், கல்லோ குச்சியோ இருக்கிறதா என்று. “சரி, போங்க” என்று அவர் சொன்னதுதான் தாமதம். எங்கிருந்தோ ஓடி வந்து விழுவோம்.

விழுவதைவிட எனக்குப் பிடித்தது விழுந்தபின் அப்படியே கிடப்பது. அக்கா என் முகத்தின்மேலும் அள்ளிப் போடுவாள். கண்ணைத் திறந்தால் மஞ்சள் வெளிச்சம், இலை நரம்புகளுக்கு நடுவே சல்லடையில் வடிகட்டியது போல. மூச்சு விடும்போது காதோரம் ஒரு சருகு நொறுங்கும் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும். மேலே காய்ந்து மொறமொறப்பாக இருக்கும், கையை அடியில் விட்டால் குளிர்ந்த ஈரம். அங்கிருந்து வரும் மண்வாசனை. மழை பெய்ததும் எழும் அதே வாசனைதான். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் காரணம். மனித மூக்கு அதை மிக மிகக் குறைந்த அளவில்கூடக் கண்டுபிடித்துவிடும். சில மரங்களின் சருகுக்குத் தனி வாசனையே உண்டு. கட்சுரா என்று ஒரு மரம், அதன் இலை பழுத்து விழும்போது சர்க்கரைப் பாகு காய்ச்சுவது போல மணக்கும். மரத்தைப் பார்ப்பதற்கு முன்பே அது பக்கத்தில் இருப்பது தெரிந்துவிடும்.

இப்போது என் தோட்டத்தில் நான் முழுக்க வாருவதில்லை. நடைபாதையையும் புல்தரையையும் மட்டும் சுத்தம் செய்துவிட்டு, வேலியோரத்தையும் மரத்தடியையும் அப்படியே விட்டுவிடுகிறேன். அந்தச் சருகுப் போர்வைக்கு அடியில் அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் குளிரைக் கழிக்கின்றன. அதற்கும் கீழே மண்ணுக்குள், அந்த வருடம் பிறந்த, பம்பிள் என்ற தேனீ வகையின் ராணி உறங்குகிறது. அந்தக் கூட்டத்தில் குளிரைத் தாண்டுவது புது ராணிகள் மட்டுமே. சருகை ஊதித் தள்ளும் இயந்திரங்களின் சத்தம் தெருவில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ராணிகளின் ஞாபகம்தான் வருகிறது. வாரி ஒன்றும் அவ்வளவு கனமில்லை.

இந்தப் பருவத்துக்கு வேறெதுவும் தேவைப்படாது என்பதும் ஒரு சுகம். ஒரு கம்பளிச் சட்டை, ஈரம் உள்ளே போகாத செருப்போ ஷூவோ, அவ்வளவுதான். வெயில் உறைக்காது, கொசுத் தொல்லை அடங்கியிருக்கும், நடந்தால் வியர்க்காது. சம இரவு நாள் வடகோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23-ல் வரும். அதற்கப்புறம் நடு அட்சரேகைகளில் பகல் நாளுக்கு மூன்று நிமிடம் போலக் குறைந்துகொண்டே போகும். தென்கோளத்தில் இதே கணக்கு மார்ச் 20-ஐ ஒட்டித் தொடங்கும். சூரியன் தாழ்ந்துவிடுவதால் மதியத்திலேயே நிழல் நீண்டு விழும். கோடையில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கும் சாயங்கால வெளிச்சம், இந்த மாதங்களில் பாதி நாள் நிற்கும்.

அந்தத் தாழ்ந்த வெளிச்சத்தால் மட்டுமே பார்க்கக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அக்டோபர் காலை, முந்தின இரவு நல்ல பனி, புல்வெளியைக் கடந்து நடந்துகொண்டிருந்தேன். சூரியன் எதிரில் எழுந்ததும் வெளி முழுக்க ஒரே வெள்ளிப் பாதையாகிவிட்டது. புல்லுக்குப் புல் சிலந்தி நூல், ஆயிரக்கணக்கில், எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து. குப்புறப் படுத்துப் பார்த்தேன். கடுகளவு சிலந்தி ஒன்று புல் நுனிக்கு ஏறியது. எட்டுக் காலையும் நிமிர்த்தி, நுனிவிரலில் நிற்பது போல நின்றது. வயிற்றை வானத்துக்குத் தூக்கி, நூலைக் காற்றில் விட்டது. நூல் நீண்டது, கண்ணுக்குத் தெரியாமல் போனது. அடுத்த நொடி புல் நுனியில் எதுவும் இல்லை.

குட்டிச் சிலந்திகள் புது இடம் தேடி இப்படித்தான் புறப்படுகின்றன. 1832 நவம்பர் 1 அன்று பீகிள் கப்பல் கரையிலிருந்து 60 மைல் தள்ளி நின்றபோது, அதன் கயிறுகளில் இப்படிப் பறந்து வந்த சிலந்திகள் கூட்டமாக இறங்கியதைச் சார்லஸ் டார்வின் எழுதி வைத்திருக்கிறார். காற்று மட்டுமல்ல, வளிமண்டலத்தில் இயல்பாக உள்ள மின்புலத்தையும் சிலந்திகள் உணர்ந்து புறப்படுகின்றன என்று 2018-ல் ஒரு ஆய்வு காட்டியது. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. சட்டை முன்புறம் முழுக்க நனைந்து, வீட்டுக்கு ஓடி வந்து அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னதுதான் ஞாபகம். அவள் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னாள்.

இரவுகளும் குறைந்தவை இல்லை. அக்டோபர் 21-ஐ ஒட்டி ஓரியானிட் எரிகற்கள் உச்சத்துக்கு வரும். அவை ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசி. அந்த வால்நட்சத்திரம் 1986-ல் வந்தபோது நான் கைக்குழந்தை, எனக்குக் காட்ட முடியவில்லையே என்று அப்பாவுக்கு ஒரு குறை. எனக்குப் பத்து வயதானபோது, நள்ளிரவு தாண்டி எங்கள் இருவரையும் எழுப்பி, போர்வையோடு வெளியே கூட்டிப்போய்ச் சருகின்மேல் படுக்க வைத்தார். “அது அடுத்து 2061-லதான் வரும். ஆனா அதோட துகள் வருஷா வருஷம் வருது, பாருங்க” என்றார். பதினொன்று எண்ணினோம். நடுவில் எங்கோ உயரத்தில், இருட்டுக்குள், வாத்துக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டே தெற்கே போனது. ஒன்றையும் பார்க்க முடியவில்லை. சத்தம் தேய்ந்து மறையும்வரை மூன்று பேரும் பேசவில்லை.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. பாதை முனை மரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் திரும்பப் போகவில்லை.

அக்காவுக்குப் பதில் இலை அனுப்ப வேண்டுமே. இந்த வருடம் நான் காத்திருந்தது ஜிங்கோவுக்காக. என் தெருக்கோடியில் ஒன்று நிற்கிறது. டைனோசர் காலத்திலிருந்து பெரிதாக மாறாமல் வந்த இனம், விசிறி மாதிரி இலை. மற்ற மரங்கள் வாரக்கணக்கில் உதிர்க்கும். ஜிங்கோவின் காம்புகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தயாராகிவிட்டு, முதல் கடும் உறைபனிக்காக நிற்கும். அந்த இரவு வந்ததும், மறுநாள் சில மணி நேரத்தில் மொத்த மரமும் காலியாகிவிடும். போன வருடம் ஒரு நாள் தாமதித்துவிட்டேன். போனபோது தரையில் மஞ்சள் வட்டம், மேலே வெறும் கிளை.

இன்று விடியற்காலை ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பூத்திருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடினேன். காற்றே இல்லை. மரம் முழுக்க மஞ்சள். சூரியன் உச்சிக்கிளையைத் தொட்டதும் முதல் இலை இறங்கியது. பிறகு ஐந்தாறு. பிறகு எண்ண முடியவில்லை. பனியில் விறைத்த இலைகள் தரையைத் தொடும்போது ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தது. தூறல் தொடங்குகிற மாதிரி. அக்காவை அழைத்தேன். ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை மரத்தின் பக்கம் நீட்டினேன்.

அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“டேய்,” என்றாள் கடைசியில், “போனைப் பையில போட்டுட்டு ரெண்டு கையும் ஏந்து. ஓடாதே.”

போட்டேன். நின்றேன்.